போடியாரும் மிதக்கும் வட்டியும்

எங்கள் தம்பிலுவிலில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. சாகாமக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் ஒரு துண்டு கிடைக்கலாம், இரண்டு மாடு கிடைக்கலாம், அப்பாவின் பழைய றலி சைக்கிள் கிடைக்கலாம். வீடு மட்டும் பெண்ணுக்கு. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று கடந்து பொத்துவில் வரைக்கும், தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும், வேறு எதில் முரண்பட்டாலும் இதில் ஒத்துப்போவார்கள். பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டுவார், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார், பெற்றவர்கள் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆகையால் எங்கள் பக்கத்துக் கல்யாணக் கதை எதுவும் பெண் பார்ப்பதில் தொடங்குவதில்லை. பெண்ணுக்கு ஏழெட்டு வயதாகும்போது அப்பா யாரிடம் கடன் கேட்கலாம் என்று வாசல் திண்ணையில் இருந்து யோசிப்பதில்தான் தொடங்கும்.

என் அப்பாவுக்கு அந்த யோசனை இரட்டிப்பாக இருந்தது, எனக்கு ஓர் அக்காவும் ஒரு தங்கையும். அக்காவின் வீடு சுவர் எழும்பி, கூரைக்கு மரம் அடுக்கி, ஒரு பக்கத்துக்கு ஓடும் போட்டு நின்ற வேளையில்தான் 1978 நவம்பர் 23ஆம் திகதி அந்தச் சூறாவளி வந்தது. அந்த இரவைக் கண்டவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காணாதவர்களுக்கு விவரித்தும் பயனில்லை. விடிந்தபோது ஊரில் தென்னை என்று நின்றவை எண்ணக்கூடிய அளவில் நின்றன, எங்கள் ஓடுகள் அடுத்த வளவுக்குள் சில்லுச் சில்லாகக் கிடந்தன, அப்பா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து கூரையைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தது கடன் தருகிறவர்கள் யார் யார் தப்பியிருக்கிறார்கள் என்று அறியத்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

அந்நாளில் அப்பாவுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று போடியார் வீட்டு வாசல். கிழக்கில் வயல்காரப் பெரிய மனிதர் எல்லோரும் போடியார்தான். எங்கள் போடியார் காசு தருவார், வட்டி என்று வாயால் சொல்லமாட்டார், எழுத்தும் கேட்கமாட்டார். "அறுவடைக்கு நெல்லாத் தா" என்பார், அவ்வளவுதான். மற்றது அக்கரைப்பற்றில் ஓடு, சீமெந்து, தகரம், ஆணி விற்ற முஸ்லிம் முதலாளியின் கடை. நாங்கள் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் 'காக்கா' என்றே கூப்பிட்ட மனிதர். அவரிடம் சாமான் கடனுக்கு எடுக்கலாம், நீலமட்டைக் கொப்பியில் எழுதுவார், போகம் வெட்டிக் காசு கைக்கு வந்ததும் கொடுக்கலாம். கைக்காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவார், பிறகு மாற்றமாட்டார்.

நான் அப்போது புதிதாக நியமனம் பெற்ற கணித ஆசிரியன். இருபத்துச் சொச்ச வயது, மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, பையில் சிவப்பு மையும் நீல மையும் இரண்டு பேனை, உலகத்தில் தீர்க்கமுடியாத எல்லாவற்றையும் மூன்று வரியில் தீர்த்துவிடலாம் என்ற முகம். எட்டாம் வகுப்புக்குத் தனிவட்டி நடத்திக்கொண்டிருந்த வாரம் அது. போடியாரின் கணக்கைப் பிடித்தேன். சந்தையில் புசல் நாற்பது ரூபாய் போகும் நெல்லை இவர் முப்பது ரூபாய்க் கணக்கில் வரவு வைக்கிறார். முப்பது ரூபாய்க்குப் பத்து ரூபாய், அதுவும் ஒரு போகத்துக்கு, அதாவது நாலு மாதத்துக்கு. ஆகவே வருடத்துக்கு நூற்றுக்கு நூறு! விறாந்தைச் சுவரில் வெண்கட்டியால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுத்து வடிவா இருக்கு மகன்" என்றார். "இப்ப நீ எந்த வங்கியில வாங்கித் தரப்போறாய்?"

வாங்கித் தருகிறேன் என்று சைக்கிளில் ஏறினேன். வங்கிகள் இல்லாமல் இல்லை. இலங்கை வங்கி 1939இல் பிறந்தது, மக்கள் வங்கி 1961இல் வந்தது, வீடு காணியை ஈடு வைத்துக் கடன் தருவதற்கென்றே 1931இலிருந்து கொழும்பில் ஓர் அரசாங்க ஈட்டு வங்கி இருந்தது, அதுவே 1979இல் வேறொரு கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்து அரச ஈட்டு முதலீட்டு வங்கியாயிற்று. இதெல்லாம் பத்திரிகையில் படித்து எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பட்டணத்து வங்கிக்குள் போய் நின்றால், அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று, காணி உறுதி. எங்கள் வளவுக்கு உறுதி என்றால் அம்மம்மாவின் அம்மா, தன் மகளுக்கு இந்தப் பனையிலிருந்து அந்த வேலி வரை என்று சாட்சி வைத்துச் சொன்ன சொல்தான். சாட்சிகள் இருவரும் காலமாகிவிட்டார்கள், பனையைச் சூறாவளி சாய்த்துவிட்டது. வயலுக்கு இருந்தது அனுமதிப்பத்திரம். அரசாங்கக் காணியை அப்படி நினைத்தபடி ஈடு வைக்கமுடியாது என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். திரும்பி வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரிலிருந்த கணக்கை அம்மா ஏற்கெனவே வெள்ளையடித்து மறைத்திருந்தாள்.

கடன்காரரை ஒப்பிட எனக்குத் தெரியும் என்று நினைத்த அந்த இளைஞனை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. ஒப்பிடுகிறவர் அப்பாதான். போடியாரிடம் வாங்கினால் அவருடைய சூடடிப்புக்கு நாங்கள் போய் நிற்கவேண்டும், கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திக்கு அவர் சொல்லுகிற பக்கத்தில் கையுயர்த்தவேண்டும், அவர் வீட்டு விசேடத்தில் அம்மா அடுப்படியில் நிற்கவேண்டும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுச்சாமத்தில் வண்டில் கட்டித் தருகிறவரும் அவர்தான். காக்காவிடம் வாங்கினால் அந்த ஊழியம் ஒன்றுமில்லை, வேறு கடையில் ஓடு வாங்கினோம் என்று கேள்விப்பட்டால் மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கும். தவணை பிந்தினால் போடியார் கோயில் வாசலில் நாலு பேர் கேட்கக் கேட்பார், காக்கா கடையின் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, ஆள் போன பிறகு கேட்பார். அந்தத் தேத்தண்ணிக்கு எத்தனை வீதம் பெறுமதி என்று என் வெண்கட்டிக்குத் தெரியாது. அப்பா கூரை மரத்துக்குப் போடியாரிடமும் ஓட்டுக்குக் காக்காவிடமும் வாங்கினார். நான் காக்காவின் இரண்டு விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் வருட வட்டியாக மாற்றி, மிக மரியாதையாக அவரிடமே போய்க் காட்டினேன். "மாஸ்டர், வட்டி எங்களுக்கு ஹறாம், இது யாவாரம்" என்று சொல்லிவிட்டு, கணக்கு எழுதின தாளைத் திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் இன்னொருவருக்குச் சீமெந்துக் கணக்கு எழுதினார். சூறாவளி வருடத்தில் அவர் கொப்பியில் இருந்தவர்கள் யாரையும் போகம் முடிந்ததும் அவர் தேடி வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பிறகு எத்தனையோ வந்தன, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் அப்போதைய பிரதமர் பிரேமதாச பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடக்கினார்; தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு ஊரே விண்ணப்பம் நிரப்பியது, நிரப்பிக் கொடுத்தது நான். அரசாங்க உத்தியோகத்தருக்கு 4.2 வீத இடர்கடன் இருந்தது. பத்து மாதச் சம்பளம் வரை, நெடுங்காலம் 250,000 ரூபாய்க்கு மேல் போகாதது. அந்தப் பணத்தில் இன்றைக்கு ஒரு குளியலறை கட்டலாம், சுவருக்கு மாபிள் பதிக்காவிட்டால். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தவர்களில் நகையை எடுத்தவர்களைவிட உறுதிக் கட்டை எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு கட்டலாம் என்றார்கள். இடையில் வெளிநாட்டு நிறுவனங்கள் வட்டியுமில்லாமல் முதலுமில்லாமல் வீடு கட்டித் தந்தன, தவணைக்குப் பதிலாக வாசற்சுவரில் அவர்களுடைய பெயர்ப்பலகை. எங்கள் ஊரில் யாருக்கும் இவ்வளவு மலிவான கடன் அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை, அதைக் கடன் என்று யாரும் விரும்பவுமில்லை.

இப்போது என் மகளுக்கு வீடு வேண்டும். மரபுப்படி நான் கட்டிக் கொடுத்திருக்கவேண்டியது. என் ஓய்வூதியத்தைப் பார்த்துவிட்டு மரபே கொஞ்சம் விலகி நின்றது. மகள் உத்தியோகம் பார்க்கிறாள், மருமகனும் உத்தியோகம், இருவர் சம்பளத்தையும் சேர்த்து வங்கியில் கடன் எடுத்துத் தன் சீதன வீட்டைத் தானே கட்டப்போகிறாள். சீதனத்துக்கு மணமகளே இருபது வருடம் தவணை கட்டுவது முன்னேற்றமா என்று அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

மாலை நேரம், கைபேசியில் கணக்குப் போடும் செயலி, மேசையில் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பொறுக்கிச் சேர்த்த வழுவழுப்பான துண்டுப்பிரசுரங்கள், எல்லாவற்றிலும் சாவியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஒரே குடும்பம். மகள் ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். ஒருவர் முதல் இரண்டு வருடத்துக்கு நிலையான வட்டி, பிறகு மிதக்கும் வட்டி. இன்னொருவர் ஐந்து வருடத்துக்கு நிலை, ஆனால் அரை வீதம் கூட. அரை வீதம்தானே என்றேன். "அப்பா, நீங்க கணக்கு வாத்தியார்தானே?" என்றாள். போட்டுப் பார்த்தோம்: ஐம்பது இலட்சம், இருபது வருடம், பன்னிரண்டரைக்கும் பதின்மூன்றுக்கும் மாதம் ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம், முடிவில் நாலு இலட்சத்தைத் தாண்டுகிறது. எனக்கு என் வெண்கட்டிக் காலத்து உற்சாகம் திரும்பிவிட்டது. ஒரு நிதிக் கம்பனியின் தாளில் பத்து வீதம் என்று பார்த்ததும் பாய்ந்து எடுத்தேன். சின்ன எழுத்தை மகள் காட்டினாள்: முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. ஒரு இலட்சத்தை ஐந்து வருடத்தில் மாதம் 2,500 ரூபாயாகக் கட்டுவது. முதல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் பார்த்தால் அது பதினேழு வீதத்துக்கும் மேல். போடியார் நெல்லை முப்பதாக எழுதியதற்கும் இதற்கும் கைத்தொழில் ஒன்றுதான். போடியார் துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை.

மிதக்கும் வட்டி எதன்மேல் மிதக்கிறது என்று கேட்டேன். ஏ.டபிள்யூ.பி.ஆர். என்றாள், மத்திய வங்கி கிழமைதோறும் வெளியிடுகிற முதன்மைக் கடன்வழங்கல் வீதம், வங்கிகள் தங்களுடைய மிக நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டியின் சராசரி. அந்த மிக நல்லவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, கொழும்பில் இருப்பார்கள். அவர்களுக்கு ஏறினால் தம்பிலுவிலில் எங்களுக்கும் ஏறும், அதற்குமேல் வங்கியின் மேலதிக வீதம் ஒன்று இரண்டு மூன்று என்று ஏறி உட்காரும். 2021 முடிவில் முதன்மை வீதம் ஒன்பதுக்குக் கீழே கிடந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு புள்ளி உயர்த்தியது, அந்த வருடம் முடியும்போது முதன்மை வீதம் இருபத்தேழைத் தாண்டி நின்றது. இதே ஐம்பது இலட்சத்துக்கு ஒன்பது வீதத்தில் மாதம் 45,000. இருபத்தேழில் 113,000, அதில் முதல் மாதம் கடனில் கழிவது ஐந்நூற்றுச் சொச்ச ரூபாய். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் சிலர் வங்கிக் கடிதத்தை உடைக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். போடியாரின் வட்டி நூறு வீதமாக இருந்தாலும் அது நித்திரையில் ஏறுவதில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. 2020 டிசம்பரில் மத்திய வங்கி ஒரு கட்டளை போட்டிருந்தது. சம்பளக்காரருக்கு வீட்டை ஈடு வைத்துக் கொடுக்கும் கடனுக்கு முதல் ஐந்து வருடமாவது ஏழு வீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, பிறகு முதன்மை வீதத்தோடு ஒன்றுக்கு மேல் கூட்டக்கூடாது. என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு நான் சொன்ன புத்தி, வட்டி இன்னும் இறங்கும், பொறு என்பது. நல்ல வேளையாக எங்கள் குடும்பத்தில் வாத்தியார் சொல்வதை யாரும் கேட்பதில்லை. 2022 செப்ரம்பரில் பணவீக்கம் எழுபது வீதம் தொட்ட வேளையில் அவன் ஏழு வீதத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மூடை சீமெந்தின் விலையைக் கேட்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு சாந்தம் தெரியும். ஊரில் அவன் கெட்டிக்காரன் என்று பெயர். எல்லாத் துண்டுப்பிரசுரத்தையும் ஒப்பிட்டான் என்கிறார்கள். உண்மையில் அவனுக்கு அந்த மாதம்தான் கல்யாண நாள் வைத்திருந்தார்கள்.

பிறகு இறங்கவும் செய்தது. 2024 முடிவில் முதன்மை வீதம் திரும்பவும் ஒன்பதை ஒட்டி வந்தது, 2025 மேயில் மத்திய வங்கி தன் கொள்கை வீதத்தை 7.75 ஆக்கியது. ஏறும்போது மாதத்துக்குள் வந்து சேர்ந்த கடிதம் இறங்கும்போது மட்டும் நடந்து வருவதாக மருமகன் சொல்கிறார். ஆகவே ஒப்பிடும்போது இன்றைய வீதத்தை மட்டும் கேட்காதே, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், மேலதிக வீதம் கடைசி வரை அதேதானா, காலத்துக்கு முன்பே கட்டி முடித்தால் தண்டம் எவ்வளவு என்று கேள் என்றேன். மகள் அதெல்லாம் முதலிலேயே எழுதி வைத்திருந்தாள். அதோடு மதிப்பீட்டாளர் கூலி, நில அளவை வரைபடம், பிரதேச சபைச் சான்றிதழ்கள், கடன் காப்புறுதிக் கட்டணம், ஈட்டு உறுதி எழுதும் சட்டத்தரணி. கல்முனைக் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடி, இந்தக் காணி யார் யார் கையால் வந்தது என்று அவர் அறிக்கை எழுதுவார். அம்மம்மாவின் அம்மா சொன்ன சொல்லை அப்பா எழுத்தாக்கி வைத்தபடியால் எங்களுக்குக் குறை தீர்ந்தது. ஒரு பெரியம்மாவின் கையொப்பத்துக்கு மட்டும் கனடாவுக்குத் தாள் போயிருக்கிறது. வட்டியில் கால் வீதம் குறைந்தவரிடம் இந்தச் சில்லறைகள் எல்லாம் கூட. சில்லறை குறைந்தவரிடம் வட்டி கூட.

அக்கரைப்பற்றில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. பேரன் நடத்துகிறார், குளிரூட்டி, கணினியில் பற்றுச்சீட்டு, பின்னால் மூன்று மாடி. கொப்பி இல்லை. கடன் கேட்டால் "காட் இரிக்கா சேர்?" என்று மிகுந்த மரியாதையோடு ஒரு சின்ன இயந்திரத்தை நீட்டுகிறார். அவருடைய சொந்த வீடு இஸ்லாமிய வங்கிமுறையில் கட்டியது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது, 2011இல் முழுவதும் அந்த முறையிலேயே நடக்கும் அமானா வங்கி வந்தது. வங்கியும் அவரும் கூட்டாகச் சொத்தை வாங்குகிறார்கள், அவர் வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டு அந்தப் பங்கையே சிறிது சிறிதாக வாங்கிவிடுகிறார். குறைந்துசெல்லும் முஷாறகா என்று பெயர். வட்டி இல்லை, வியாபாரம் என்றார். இதே வாக்கியத்தை இதே கடையில் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பு கேட்டிருக்கிறேன், அப்போது தேத்தண்ணியோடு. அந்த வாடகையை எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். என் பையில் பேனை இருப்பதைக் கண்டதும் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு வங்கியைத் தேர்ந்தாயிற்று. தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை பார்த்து, மூன்று நிறத்தில் அட்டவணை போட்டு, நிலையான வருடமும் மேலதிக வீதமும் தண்டமும் எல்லாம் ஒப்பிட்டுத் தேர்ந்தது. அங்கே இருந்த உத்தியோகத்தர் என்னிடம் படித்தவர், எழுந்து நின்றார், கதிரை போட்டார், தாள்களை எல்லாம் சரி பார்த்தார். பிறகு, "மகளுக்கு இரண்டு பிணையாளர் வேணும் சேர், நிரந்தர அரசாங்க உத்தியோகமா இருந்தா நல்லம்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "உங்களுக்கு வயசு கடந்திட்டு சேர்" என்றார், தனிவட்டியில் தொண்ணூறு எடுத்த பிள்ளை.

எல்லாம் இலக்கமாகி, முகம் பார்க்கும் காலம் போய்விட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு இப்போது நன்றாக முகம் பார்க்கிறார்கள். பிணைக்கு ஆள் தேடுகிறோம் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் திருக்கோவில் வரை போய்விட்டது. நான் சந்திக்குப் போனால் அதிபர்மார் அவசரமாகக் கடைக்குள் நுழைகிறார்கள். எப்போதும் நின்று பேசும் கிராம உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே தலையாட்டிவிட்டுப் போகிறார். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்த ஒரு மருமகன் முறைக்காரர், தானே ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கையெழுத்து வைத்து நித்திரையில்லாமல் இருக்கும் கதையை, நான் வாய் திறக்குமுன்பே சொல்லி முடித்தார். மகள் என்னைப் பார்த்தாள். போடியாரின் பேத்தி பிரதேச செயலகத்தில் நிரந்தர உத்தியோகம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை, பழமும் கொஞ்சம் பலகாரமும் வாங்கிக்கொண்டு, போய்க் கேட்கப்போகிறோம்.